நேத்திரானந்தரின் கறுப்புத் துணி

மருதாள் மகளின் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தாள். மகள் மேசைக் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். மேசை நகர்ந்தது, பிடி தளரவில்லை.

"உடு அம்மிணி! வாசல்ல பிளஷர் காரு வந்து நிக்குது. சாமி காத்துக்கிட்டிருக்காரு!"

"வெண்டைக்கா இன்னும் முடியலே!" என்று அலறினாள் அமராவதி.

வயது நான்கு. கையில் குறுக்கே நறுக்கிய வெண்டைக்காய். அதைச் சாயத்தில் தோய்த்துப் பனியன் வேஸ்ட் துணியில் குத்தினால் பூ விழும். மூன்று பூ விழுந்திருந்தது. நான்காவது பாதியில் நின்றது. அன்று சாயங்காலம் முதல் உலகத்துக்கு ஞான ஒளி வீசப்போகிற குழந்தை, வெண்டைக்காய்க்காக அழுதுகொண்டிருந்தது.

பாலவாடி டீச்சர் ஜானகியம்மாள் குறுக்கே வரவில்லை. கொட்டிவிடப் போகிறதே என்று சாயக் கிண்ணத்தை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

"இப்பத் தாட்டி உட்டீங்கன்னா மறுபடி எப்பங்க பாப்பீங்க, மருதாளு?"

"பெரிய மனுஷி ஆனதுக்கப்புறமுங்க. மலை மேல ஆசிரமமாமுங்க. நடுவுல நாம போகக் கூடாதாமுங்க. பெத்தவ பார்வை பட்டா, தொறந்த கண்ணு மூடிக்குமாமுங்க."

"இதை ஆரு சொன்னது?"

"சாமிதானுங்க."

"பின்னே வேற ஆரு சொல்லுவாங்க?" என்றாள் டீச்சர்.

மருதாளுக்கு ராத்திரியெல்லாம் அழுததில் முகம் வீங்கியிருந்தது. பெருமையில் அழுகிறாள் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் நம்பப் பார்த்தாள். அது அவ்வளவு லேசாக இல்லை.

கதை இப்படி ஆரம்பித்தது. அறுபத்து நான்காம் வருஷம் பங்குனியில், பெருமாநல்லூர் சாலையில் சென்னியப்பன் பனியன் கம்பெனிக்கு எதிரே ஒரு பந்தல் முளைத்தது. பந்தலுக்குள் நேத்திரானந்த சுவாமிகள் முளைத்தார். இமயமலையில் காற்றைக் குடித்தே வாழ்ந்தவர் என்று சொன்னார்கள். திருப்பூர்க் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. வந்த மறுநாளே நெய்த் தோசைக்கு மாறிவிட்டார்.

சுவாமிகளிடம் இருந்தது ஒரே சரக்கு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்றாவது கண்ணைத் திறந்துவிடுவார். திறந்துவிட்டால், கண்ணைக் கட்டினாலும் குழந்தை நிறம் சொல்லும், படம் சொல்லும், எதிரே நிற்பவர் வேட்டிக்குக் கரை உண்டா இல்லையா என்று சொல்லும். கட்டுவதற்கென்றே ஒரு கறுப்புத் துணி வைத்திருந்தார். இமயத்து ரிஷிகள் மந்திரம் ஜபித்துக்கொண்டே நெய்தது. தீட்சை பெறாதவர் அதைக் கண்ணில் கட்டினால் பார்வை அவிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் சுவாமிகளின் குரல் தழுதழுக்கும்.

"கண்ணைக் கட்டிக்கிட்டே படிக்கிற புள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்னத்துக்குங்க?" என்றான் கம்பெனி மெக்கானிக் கந்தப்பன். மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே வரிசையில் நின்றுவிட்டான்.

வரிசை கம்பெனியைச் சுற்றி வளைத்தது. ஷிப்டு முடிந்தவர்கள் பின்னால் நின்றார்கள். ஷிப்டுக்கே போகாதவர்கள் முன்னால் நின்றார்கள். காணிக்கைத் தட்டு நிறைந்து உள்ளே போகும். காலியாக வெளியே வரும். ஒரு வாரத்தில் அந்தத் தெருப் பெண்களின் காதுகளில் தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது. கண் திறக்கிற இடத்தில் காது ஏன் காலியாகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கம்பெனி மூலையில் பழைய பஞ்சுக் கொட்டகையில்தான் ஜானகியம்மாளின் பாலவாடி. அங்கே குழந்தைகள் காலி நூல் கோன்களைக் கோபுரமாக அடுக்கும். புளியங்கொட்டையை எண்ணி எண்ணிக் கொட்டாங்குச்சியில் போடும். மணலில் விரலால் 'அ' எழுதும். கட் பீஸில் பஞ்சடைத்துப் பொம்மை செய்து, அதற்குச் சோறும் ஊட்டும்.

"சும்மா வெளையாட உடறதுக்கு ஒரு டீச்சராக்கும்!" என்று பெற்றவர்கள் சிரித்தார்கள்.

நியாயம்தான். ஜானகியம்மாள் குழந்தைகளின் கண்ணைத் திறந்து வைத்து நிறம் சொல்லிக்கொடுத்தாள்; ஆகையால் அது விளையாட்டு. சுவாமிகள் கண்ணைக் கட்டிவிட்டு நிறம் கேட்டார்; ஆகையால் அது ஞானம்.

பரீட்சை பந்தலுக்குப் பின்னால் இருந்த அறையில் நடந்தது. குழந்தை மட்டும் உள்ளே போகும். கதவு சாத்தப்படும். சற்று நேரத்தில் சுவாமிகள் குழந்தையோடு வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவார். "பக்குவமில்லை." கந்தப்பனின் மகனுக்குப் பக்குவமில்லை. பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற பெண்களின் பிள்ளைகளில் ஒருத்தருக்கும் பக்குவமில்லை. கணக்கப்பிள்ளையின் பேத்திக்கும் பக்குவமில்லை. பக்குவத்துக்காக மறுபடி பூஜை, மறுபடி தட்டு.

மருதாளின் மகள் ஒருத்திதான் தேறினாள். சுவாமிகள் அவளைத் தூக்கிக்கொண்டே ஓடிவந்தார். "பூர்வ ஜன்மத்தில் ரிஷிபத்தினி! இந்தக் குழந்தை ஆசிரமத்துக்குச் சொந்தம்!" என்றார். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பனியனில் பிசிறு வெட்டிப் பிழைக்கிற மருதாளின் காலில் அன்றைக்குத் தெருவே விழுந்தது. அந்தக் காலைப் பின்னுக்கு இழுக்க அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் அமராவதியை மேசையிலிருந்து பிரித்தெடுத்து, பட்டுப் பாவாடை கட்டி, மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

கம்பெனி முற்றம் நிரம்பி வழிந்தது. முதலாளி சென்னியப்பன் முன்வரிசை நாற்காலியில் கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். சுவாமிகள் கறுப்புத் துணியைச் சுருட்டித் தூக்கிக் காட்டினார். "பாருங்கள்! சூரியன்கூட நுழைய முடியாது." முதலாளி தொடாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுவாமிகள் துணியை விறைப்பாக இழுத்துக் குழந்தையின் கண்ணில் கட்டினார்.

"இந்த நூல் என்ன நிறம் குழந்தாய்?"

"செவப்பு."

"இது?"

"மஞ்ச."

"முதலாளியின் தலையில் என்ன இருக்கிறது?"

"ஒண்ணுமே இல்லே."

கூட்டம் கைதட்டியது. முதலாளி தலையைத் தடவிக்கொண்டு தானும் தட்டினார்.

அப்போது ஜானகியம்மாள் ஒரு துணிப்பையோடு மேடையோரம் வந்து நின்றாள். "ஒரு சின்ன வெளையாட்டுங்க சாமி."

"இது விளையாட்டு இடமல்ல."

"நாலு வயசுப் புள்ளைங்க. வேறென்ன பண்ணுமுங்க? இந்தப் பைக்குள்ள ஒரு சாமான் இருக்குது. கண்ணு மேல இருக்கிற துணி வழியாத் தெரியறது, பைத் துணி வழியாத் தெரியாதுங்களா?"

சுவாமிகள் பையைப் பார்த்தார். "பை தீட்டு."

"செரிங்க. பை வேண்டாம். மொதலாளி துண்டை நாலா மடிச்சுக் கட்டிக் கேளுங்க."

"துண்டில் மந்திரம் ஏறவில்லை."

"அதுவும் செரிங்க. அப்ப அந்தத் துணியை எனக்குக் கட்டுங்க. கண்ணு போனா எங்கண்ணுதானே போவுது."

சுவாமிகள் கருணையோடு சிரித்தார். "உன் கண் போகாதம்மா. ஞானக்குழந்தை அருகில் இருக்கும்போது அந்தத் துணியை வேறொருவர் கட்டினால், குழந்தையின் கண்தான் போகும். சம்மதமா?"

நீட்டிய கையை ஜானகியம்மாள் மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

"ஏனுங்க டீச்சர், ஊரான் புள்ளை கண்ணோட வெளையாடறீங்களா? அக்கட்டால போங்க!" என்று கத்தினான் கந்தப்பன். கூட்டமும் கத்தியது.

"நேரமாகிறது," என்றார் சுவாமிகள். "பெற்றவள் கடைசியாக ஒருமுறை தொட்டு வழியனுப்பட்டும்."

மருதாள் மேடைப் படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். கண்ணீர் தாரையாக இறங்கியது.

கண் கட்டிய குழந்தை மேடையின் அந்தக் கோடியிலிருந்து கிளம்பியது. குத்துவிளக்கைச் சுற்றிக்கொண்டு, மைக் வயரைத் தாண்டிக் குதித்து, நேராக வந்து தாயின் இடுப்பில் தொற்றி ஏறியது. பாவாடை நுனியால் அவள் கன்னத்தைத் துடைத்தது.

"ஏம்மா அழுவறே?"

"பார்த்தீர்களா!" என்று முழங்கினார் சுவாமிகள். "தாயின் கண்ணீரை ஞானக்கண் கண்டுவிட்டது!"

கைதட்டல் ஓடுகளை உலுக்கியது. மருதாள் மட்டும் தட்டவில்லை. மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில் அவள் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே சாய்ந்த வெயில் குழந்தையின் முகத்தில் பக்கவாட்டாக விழுந்தது. கறுப்புத் துணிக்குப் பின்னால் இரண்டு இமைகள் தெரிந்தன. அவை கொட்டின. மறுபடியும் கொட்டின.

மருதாள் முடிச்சில் கை வைத்தாள்.

"தொடாதே! குழந்தை குருடாகிவிடும்!"

சுவாமிகள் சொல்வது நிஜமானால் மகளின் கண் போகும். பொய்யானால் மகள் மிஞ்சுவாள். இரண்டில் எது என்று அவளுக்காகப் பார்த்துச் சொல்ல அங்கே யாருமில்லை. மருதாளின் கை முடிச்சை அவிழ்த்தது. அவிழ்த்த துணியைத் தன் கண்ணில் கட்டிக்கொண்டது.

மைக் மட்டும் 'உய்' என்று ஊளையிட்டது.

"மொதலாளி," என்றாள் மருதாள், கண் கட்டோடு. "உங்க சட்டையில வெத்தலைக் கறைங்க."

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். இருந்தது.

"கந்தப்பண்ணன் வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கறாருங்க. டீச்சரம்மா சிரிக்கறாங்க. சாமி செருப்பைத் தேடறாருங்க."

அதற்குப் பிறகு நடந்ததை வரிசைக்கிரமமாகச் சொல்வது கஷ்டம். முதலாளி துணியைப் பிடுங்கித் தன் கண்ணில் கட்டினார். "அட, எனக்கும் தொறந்துருச்சப்பா!" என்று கூவினார். கந்தப்பன் கட்டினான்; அவனுக்கும் திறந்தது. கணக்கப்பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. கண்ணாடியின் மேலே கட்டிப் பார்த்தார், நன்றாகவே திறந்தது. மறுபடியும் ஒரு வரிசை கம்பெனியைச் சுற்றி வளைத்தது. இந்தத் தடவை காணிக்கை இல்லை. பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதிப் பேர் ரிஷிகளாகிவிட்டார்கள்.

முதலாளிக்குத்தான் கடைசியில் கை அரித்தது. துணியை வாங்கி, இரண்டு கட்டை விரலாலும் பழக்கதோஷத்தில் இழுத்துப் பார்த்தார். சுருட்டினால் தடித்துக் கிடந்த துணி, இழுத்ததும் கொசுவலை மாதிரி கண் கண்ணாக விரிந்தது.

"என்னப்பா இது... நம்ம பனியன் துணியாச்சே!"

ஆமாம். கறுப்புச் சாயத்தில் முக்கிய பனியன் துணி. விடிந்தால் அடைந்தால் அதைப் பின்னுகிறவர்கள், வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள், மேலே அதையே மாட்டிக்கொண்டும் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முழத் துணி என்றாலும் இழுத்துப் பார்க்காமல் வாங்காத ஊர் அது. ஞானத்தை மட்டும் இழுத்துப் பார்க்காமல் வாங்கியிருந்தது.

சுவாமிகள் பிளஷர் காருக்குள் இருந்தார். கார் கிளம்பவில்லை. அதற்குள் கந்தப்பன் பானெட்டுக்குள் கையை விட்டு எதையோ உருவியிருந்தான். ஸீட்டுக்கு அடியில் ஊர்ப் பெண்களின் தோடுகள் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தன. மலை மேல் ஆசிரமம் எந்த மலையிலும் கிடையாது, அடுத்த பந்தல் ஈரோட்டில் போட்டாகிவிட்டது, அங்கே மேடையில் நிறுத்திக் காட்டத்தான் ஒரு குழந்தை தேவைப்பட்டது என்று டிரைவர் அடி விழுவதற்கு முன்பே சொல்லிவிட்டான். போலீஸ் வரும்வரை நேத்திரானந்தர் இரண்டு கண்ணையும் மூடி மௌன விரதம் இருந்தார்.

மருதாள் மகளை இறக்கிவிடவே இல்லை. தூக்கிய கையோடு பாலவாடிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே கூட்டமும் வந்தது. ஜானகியம்மாள் அமராவதியின் தலையைக் கோதினாள்.

"தொணி வழியாத் தெரியுதுன்னு ஏன் கண்ணு சொல்லலே?"

"நீங்கதானே சொன்னீங்க டீச்சர்? கண்ணாமூச்சியிலே சந்து வழியாப் பாத்தா அழுகுணி ஆட்டம்னு. சொன்னா அவுட்டாக்கிருவீங்கல்ல."

கொட்டகை சிரித்தது. வெகு நாள் கழித்து மருதாளும் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏனுங்க டீச்சர், அந்தத் துணிக்குள்ள எல்லாத்துக்கும் தெரிஞ்சுதானே இருக்கோணும்? அப்புறம் இத்தனை புள்ளைக்கும் பக்குவமில்லேன்னுட்டு, எம்புள்ளைய மட்டும் ஏன் எடுத்தான் அவன்?"

கந்தப்பனின் தோளில் உட்கார்ந்திருந்த அவன் மகன் விரலை வாயிலிருந்து எடுத்தான்.

"நான் உள்ளாரயே சொன்னேன். 'சாமி, தெரியுது'ன்னு. பக்குவமில்லேன்னுட்டாரு."

"அப்புறம்?" என்றாள் ஜானகியம்மாள்.

"ஊட்டுக்கு வந்து அப்பாகிட்டயும் சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னாரு கண்ணு?"

"கன்னத்துல ஒண்ணு போட்டாரு."

"நானும் சொன்னேன்," என்றது கணக்கப்பிள்ளையின் பேத்தி.

"நானும்." "நானுந்தான்." "எங்கம்மா சூடு வெப்பேன்னுச்சு."

கூட்டத்தில் பெரியவர்கள் எல்லோரும் சாயக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட அத்தனை பேருக்கும் முதல் நாளே உண்மை தெரிந்திருந்தது. அமராவதி ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் தெரிந்ததை வீடு வீடாகச் சொல்லியும் இருந்தார்கள். ஐந்து வயதுக்கு மேல் நமக்கெல்லாம் என்ன ஆகிவிடுகிறது என்று யாராவது யோசித்துச் சொன்னால் நல்லது.