சோமசுந்தரம் நோய்

மருத்துவ உலகத்துக்கு ஒரு புதிய நோயைக் கொடுத்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்படும்படி அது முடிந்திருந்தால் இதை அமெரிக்காவிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். இப்படிப் போடிநாயக்கனூரில், அப்பாவின் ஏலக்காய்க் கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நான் கண்டுபிடித்த நோய்க்கு ஆயுள் மொத்தமே மூன்று மாதம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் டாக்டர் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தேன். கூடப் படித்தவர்கள் இதயம், மூளை என்று ஆளுக்கொரு உறுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தோலைப் பிடித்தேன். ‘மனித உடலின் எல்லையைக் காக்கும் காவலன்’ என்றெல்லாம் விண்ணப்பத்தில் எழுதினேன். உண்மைக் காரணம் வேறு. அறுவைக் கூடத்தில் நான் இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தேன். (இரண்டாவது முறை நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே.)

அந்த நேரம் பார்த்து நூலகத்தில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை கண்ணில் பட்டது. ஆஸ்டியோபதி என்று அங்கே ஒரு வைத்திய மரபு. மருந்து, ஊசி எல்லாம் அவர்களுக்கும் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் முன்பு டாக்டர் தன் கையால் நோயாளியைத் தொட்டு, அழுத்தி, நீவிப் பார்த்தாக வேண்டும் என்பது அவர்கள் வேதம். அவர்களுடைய ஐந்து ஆஸ்பத்திரிகளில் தோல் வைத்தியத்துக்குப் பயிற்சி இடம் இருப்பதாகப் போட்டிருந்தது. ஐந்துக்கும் விண்ணப்பிப்பது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். எதையும் அந்த நிமிஷமே முடிவு செய்வதுதான் அப்போது என் விசேஷத் தகுதி.

அப்பாவிடம் சொன்னேன்.

“சுளுக்கு எடுக்கவா அமெரிக்கா போறே?” என்றார் அப்பா. “நம்ம சிலமலையில ஒருத்தரு இருக்காரேப்பு. வெத்தல பாக்கு வச்சா வீட்டுக்கே வந்து எடுத்துவிடுவாரே.”

“சுளுக்கு இல்லப்பா. தோலு.”

“தோலையும் சேத்துத்தானே நீவுறாரு?”

அரை நாள் விளக்கிய பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். “எடம் கெடச்சா போ, தடுக்கல. கெடைக்காட்டி கடைக்குப் பின்னாடி ரூமை ஒழிச்சுத் தர்றேன். ஊசியைக் குத்திக்கிட்டு உக்காரு. அப்புறம் சிங்கப்பூரு, சிலோனுன்னு புதுசா கெளம்பப்படாது.”

சம்மதித்தேன். அந்த அறையில் அப்போது காலிச் சாக்குகள் கிடந்தன. அவற்றின் இடத்துக்கு நான் வருவேன் என்று சாக்குகளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஐந்து ஆஸ்பத்திரியும் மூன்று சமாசாரம் கேட்டிருந்தன. ஒன்று, ‘ஏன் தோல்?’ என்று ஒரு கட்டுரை. காவலன் கதையை எழுதியாயிற்று. இரண்டு, என் குணத்துக்குப் பெரிய மனிதர் ஒருவரின் சான்று. அப்பாவின் நண்பரான ஏலக்காய் வியாபாரி ஒருவர் மனமுவந்து கொடுத்தார். ‘பையன் முதல் தரம். காய்ந்தாலும் நிறம் மாறாது. கலப்படம் கிடையாது.’ இதை நானே இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். நிறம் மாறாததை மட்டும் விட்டுவிட்டேன். மூன்றாவதுதான் வில்லங்கம். நானே நேரில் பரிசோதித்த தோல் நோய் ஒன்றைப் பற்றி, இதுவரை யாரும் எழுதாத விவரங்களோடு ஓர் அறிக்கை வேண்டுமாம்.

சென்னை ஆஸ்பத்திரியில் இருந்த தோல் நோய்களையெல்லாம் ஏற்கெனவே யாராவது எழுதித் தொலைத்திருந்தார்கள். விடுமுறைக்குப் போடி வந்தேன். அது காய் எடுக்கும் பருவம். மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்தவர் ஒருவர் அப்பாவிடம் காய் போடுகிறவர். நோய் தேடி அவர் தோட்டத்துக்கு ஏறினேன். ஏலக்காய் வியாபாரி மகனாக இருந்தும் அதுவரை ஏலக்காயை நான் சாக்கிலும் பாயசத்திலும் மட்டுமே பார்த்திருந்தேன். மலையடிவாரத்துக் குரங்கணி வரை ஜீப்பு, பிறகு மழையில் நடை. மேலே போய்ச் சேர்ந்தபோது பாதி நோயாளி நானே.

மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் பேர் வாசிக்க முப்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்கள். கால்களைப் பார்த்தேன். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முழங்காலிலிருந்து பாதம் வரை எல்லாருக்கும் ஒரே மாதிரி கரும்பழுப்புப் படை. ஓரமெல்லாம் வெள்ளைச் செதில். நடுநடுவே சிவப்புப் புள்ளிகள். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு படம் கிடையாது!

தொற்றுநோயாக இருக்குமோ என்று பத்தடி தள்ளி நின்றேன். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டேன். பூதக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தேன். (பத்தடி தள்ளி நின்று பூதக்கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியாது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு டாக்டர் தெரிவார்.) வரிசையில் முதலில் நின்ற பேச்சியம்மாளிடம் விசாரணையைத் தொடங்கினேன்.

“காலுல இது எவ்வளவு நாளா இருக்கு?”

“மழை விழுந்ததுல இருந்துதான், டாக்டரு தம்பி.”

“வெயில் காலத்துல?”

“வெயிலுக்கு எதுக்கு? இருக்காது.”

‘பருவத்தோடு வருவது’ என்று குறித்துக்கொண்டேன்.

“வீட்டுல வேற யாருக்கும் இருக்கா?”

“மலையில சோலி பாக்குற எல்லாருக்கும் உண்டு. எம்புருசனுக்கு இன்னும் தடிப்பா இருக்கும்.”

‘குடும்பத்துக்குள் பரவுவது. ஆண்களிடம் தீவிரம் அதிகம்.’

“ராத்திரி எப்படி?”

“ராத்திரி போயிரும். காலைல எந்திரிச்சு...”

“காலைல திரும்ப வந்துரும். அதானே?”

பேச்சியம்மாள் கங்காணி வீரணனைப் பார்த்தாள். முப்பது பேரையும் மேய்க்கிற மனிதர் அவர். மழை நேரத்தில் பேச்சை வளர்க்க விரும்பாதவர். “டாக்டரு தம்பி படிச்சவரு, சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நீங்க வெரசா மேல ஏறுங்கடி” என்றார்.

அந்தப் பெண்ணை ஒரே ஒரு வாக்கியம் முழுசாகப் பேச விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் நோயாளி பாதி சொல்லும்போதே மீதியைச் சொல்லி முடிப்பவன்தான் கெட்டிக்கார டாக்டர் என்று அப்போது எனக்கு எண்ணம்.

அன்றே பன்னிரண்டு பக்கம் எழுதினேன். நோய்க்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் கடைசிக் கேள்வி. ‘குரங்கணி நோய்’ என்று முதலில் எழுதினேன். ஒரு கிராமத்தின் பெயரைக் கெடுப்பானேன் என்று தியாக உணர்வோடு அதை அடித்துவிட்டு, என் பெயரையே வைத்து ‘சோமசுந்தரம் நோய்’ என்று எழுதினேன். ‘என் கையாலேயே தொட்டுப் பரிசோதித்து’ என்று ஒரு வரியையும் சேர்த்தேன். தொடுவது அவர்கள் வேதம் அல்லவா?

ஐந்து உறைகள் கடல் கடந்தன. இரண்டு மாதத்தில் ஒரு பதில் வந்தது. ஓர் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுத் தலைவர், கொடைக்கானலில் இருக்கும் தம்பியைப் பார்க்க இந்தியா வருகிறாராம். அறிக்கை அவரைத் தூங்கவிடவில்லையாம். நோயாளிகளை நேரில் பார்க்கப் போடிக்கே வருகிறார். அதையே என் நேர்முகத் தேர்வாக வைத்துக்கொள்ளலாம்.

அப்பா தலைகால் தெரியாமல் ஆடினார். கடைக்கு வந்தவர்களுக்குக் காயைக் காட்டுமுன் கடிதத்தைக் காட்டினார். “எம்மகன் ஒரு நோயைக் கொண்டாந்திருக்கான், தெரியும்ல?” என்று அவர் சொன்னதைக் கேட்டு இரண்டு பேர் கடை வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

துரை வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், அறுபது வயது, வாயில் புகைக்கும் பைப். அரைக்கால் சட்டை. கீழே குட்டைப் பூட்சுக்கும் முழங்காலுக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று கெண்டைக்கால்கள். நானோ இரவல் கம்பளிக் கோட்டும் டையுமாக இருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் எனக்கு மகிழ்ச்சியில் மூச்சே நின்றது. நோய் முற்றியிருந்தது! படை முழங்காலைத் தாண்டித் தொடைக்கு ஏறியிருந்தது. முன்பு ஆரோக்கியமாக இருந்த கங்காணி வீரணனுக்கு இப்போது இரண்டு முழங்கை வரைக்கும். என் அறிக்கைக்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

வீரணன் என் காதருகே வந்தார். “துரை பாக்க வாராருன்னு சொன்னீகள்ல. அதான் எல்லாரையும் நல்லாத் தடிப்பா வச்சுக்கிரச் சொல்லிட்டேன்.”

நான் புன்னகையோடு தலையாட்டினேன். அந்த வாக்கியம் என் மூளைக்கு வந்து சேர அரை நிமிஷம் ஆனது. சேர்ந்தபோது துரை பேச்சியம்மாளின் முன்னால் மண்டியிட்டுவிட்டார்.

அவர் பூதக்கண்ணாடி எடுக்கவில்லை. கைக்குட்டை எடுக்கவில்லை. அவளுடைய காலை இரண்டு கையாலும் பிடித்து, அவர்கள் வேதப்படி மேலிருந்து கீழே ஒரு நீவு நீவினார்.

சோமசுந்தரம் நோய் அவர் உள்ளங்கையோடு வந்துவிட்டது.

பேச்சியம்மாளின் காலில் ஐந்து விரல் அகலத்துக்குச் சுத்தமான, ஆரோக்கியமான தோல் பளபளத்தது. துரை தன் கையைப் பார்த்தார். முகர்ந்தார். பைப்பை எடுத்து அதையும் முகர்ந்தார். மறுபடியும் கையை முகர்ந்தார்.

“புகையிலை” என்றார்.

“என்ன சொல்றாரு?” என்றாள் பேச்சியம்மாள்.

“பொகலைங்கிறாரு” என்றேன்.

“ஆமா, பொகலைச் சாறுதான். அதோட சுண்ணாம்பும் வேப்பெண்ணெயும். இது பூசாம மழையில தோட்டத்துக்குள்ள கால் வச்சா அட்டை ரத்தத்தை உறிஞ்சு எடுத்துருமே. ராத்திரி கழுவிட்டு, காலைல எந்திரிச்சுத் திரும்பப் பூசிக்கிருவோம். அன்னைக்கே சொல்ல வந்தேன், தம்பிதான் முந்திக்கிட்டீக.”

இதை நான் துரைக்கு மொழிபெயர்க்க வேண்டும். என் சொந்தக் கழுத்துக்கான கயிற்றை நானே இங்கிலீஷில் திரித்தேன். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

“சிவப்புப் புள்ளிகள்?” என்றார்.

“அட்டை கடித்தது.”

எழுந்து நின்றார். “அறிக்கையில் உங்கள் கையால் தொட்டதாக எழுதியிருந்தீர்களே. எந்தக் கையால்?”

இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அதற்குள் துரை “ஆ!” என்று துள்ளினார். அந்த வெள்ளைக் கெண்டைக்கால்களில் ஏழெட்டு அட்டைகள் திருவிழாவுக்கு வந்ததுபோல் கூடிவிட்டன. ரத்தம் பூட்சுக்குள் இறங்கியது. நான் முதலுதவிப் பெட்டியைத் திறக்கப் போய், அவர் காலைப் பார்த்தேன். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்துவிட்டேன். (மயக்கம் இல்லை. லேசான கிறுகிறுப்பு. இதை வீட்டில் யாரும் இன்றுவரை நம்புவதில்லை.)

பேச்சியம்மாள்தான் ஓடி வந்தாள். “அடப் பாவமே, பெரிய மனுசரு, ஒண்ணும் பூசாமயா வந்தாரு? ஏ புள்ள, அந்தச் செரட்டையைக் கொண்டா!”

கொட்டாங்கச்சி வந்தது. உள்ளே கரும்பழுப்புக் குழம்பு. அவள் அள்ளி அட்டைகளின் மேல் அப்பினாள். அவை சுருண்டு சுருண்டு விழுந்தன. பிறகு துரையின் இரண்டு காலிலும் முழங்கால் வரை தடிப்பாகப் பூசிவிட்டாள். அறிக்கையில் நான் வர்ணித்திருந்த நோய் இப்போது அமெரிக்காவுக்கும் பரவிவிட்டது.

துரை தன் காலைப் பார்த்தார். கொட்டாங்கச்சியைப் பார்த்தார். அதைச் சுட்டிக்காட்டி, எழுத்து எழுத்தாக, மலைக்கே கேட்கும்படி கேட்டார்:

“சோ-ம-சுந்-த-ரம்?”

“என்ன கேக்குறாரு?” என்றார் வீரணன்.

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. “அந்தச் செரட்டையில இருக்குறதுக்குப் பேரு சோமசுந்தரமான்னு கேக்குறாரு.”

முப்பது பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். சிரித்ததில் நாலு கூடை காய் கொட்டிப் போனது.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இடம் இல்லை. ‘தொடாமலேயே தோல் நோயைக் கண்டுபிடித்த முதல் மனிதர் நீங்கள், இந்தத் திறமைக்கு ஏற்ற துறை எங்களிடம் இல்லை’ என்று எழுதியிருந்தார். கீழே ஒரு பின்குறிப்பு. அவர் ஊர் ஏரியில் மீன் பிடிக்கப் போனால் அட்டைத் தொல்லை தாங்கவில்லையாம். ஒரு டப்பா சோமசுந்தரம் அனுப்ப முடியுமா? (மற்ற நாலு ஆஸ்பத்திரிகளில் ஒன்று, நோயாளியின் தோலில் ஒரு சின்னத் துண்டு கேட்டு எழுதியது. அதற்கு நான் பதில் போடவில்லை.)

டப்பாவை அப்பாதான் பார்சல் கட்டினார். “நீ போகாட்டி என்னப்பு, உன் பேரு போகுதுல்ல” என்று சொல்லிக்கொண்டே சாக்குகளை வெளியே எடுத்துப்போட்டு அறையை ஒழித்துத் தந்தார்.

அந்த அறையில் இன்றைக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. யார் வந்தாலும் முதலில் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச விடுகிறேன். பிறகு தொட்டுப் பார்க்கிறேன். தலைவலி என்று வந்தாலும் தொட்டுப் பார்க்கிறேன். வீட்டில் நான் எதைப் பற்றி அபிப்பிராயம் சொன்னாலும், சாம்பாரில் உப்பு அதிகம் என்றால்கூட, என் மனைவி கேட்பது ஒரே கேள்விதான்: “எந்தக் கையால தொட்டுப் பாத்தீக?”

போன மழைக்காலத்தில் பேச்சியம்மாள் தன் மருமகளைக் காட்டக் கூட்டி வந்தாள். அந்தப் பெண் புதுசாக வாக்கப்பட்டு வந்தவள். என் பெயர் தெரியாது. கெண்டைக்காலில் அட்டை கடித்த புண் சீழ் வைத்திருந்தது. தொட்டுப் பார்த்துக் கட்டுப் போட்டேன்.

“பூசாம எதுக்கும்மா தோட்டத்துக்குள்ள போனே?” என்றேன்.

“அன்னைக்கு வெரசாக் கெளம்பிட்டேங்க. அதுவும் போக, சோமசுந்தரம் வீச்சம் தாங்க முடியல. கொமட்டிக்கிட்டு வருது” என்றாள் அவள்.

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மருந்துச் சீட்டு எழுதி, கீழே வழக்கம்போல் முழுப் பெயரையும் போட்டு, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். நல்லவேளை, அவளுக்குப் படிக்கத் தெரியாது.