பெரிய வெள்ளி மூன்று மணிக்கு முடிந்த சலுகை

இயேசு மரி சூசை

மானகிரி,
ஏப்ரல் 30

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அருண் ஜோசப் அவர்களுக்கு, மாமனார் மரிய அந்தோணி எழுதுவது.

பெரிய வெள்ளியன்று என் தவக்கால ஒறுத்தலை முறிக்க வைத்து, அதற்குக் கூலியாக அரைப் பாட்டைக் கையில் கொடுத்தது உங்கள் கம்பெனி. அதற்கான கடிகாரத்தைச் செய்தது நீங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுகம் விசாரித்து முடிப்பதற்குள் கோபம் ஆறிவிட்டால் பிறகு யார் சொல்வது?

இனி சுகம். இங்கே நானும் உங்கள் அத்தை யூஜினியாவும் தேவ கிருபையால் நலம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு உங்கள் கம்பெனி. மற்றபடி குறையில்லை. அங்கே நீங்களும் ஆஷ்லினும் நலமாக இருக்க சூசையப்பரை மன்றாடுகிறேன்.

மாப்பிள்ளையைக் கடிந்து பேசுவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் மாமனார் என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் நான் கொண்டுபோன பழத்தை மாட்டுக்குப் போடுவார், அவ்வளவுதான். மாப்பிள்ளையிடம் கைநீட்டி வாங்குவதும் எங்களுக்குக் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீங்கள் கொடுத்த கவரை மரியாதைக்காக வாங்கினேனே தவிர, இதுவரை பிரிக்கவில்லை. பீரோ இழுப்பறையில் ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. ஆஷ்லின் போன் பேசும்போதெல்லாம் "அப்பா, அந்தக் கவரைப் பிரிச்சுப் பாத்தீகளா?" என்று கேட்கிறாள். உள்ளே எவ்வளவு இருந்தாலும் என் மனம் மாறாது என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் நான் இவ்வளவு சுத்தமாக நடந்துகொண்டிருக்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். உங்களைத் திட்ட எனக்கு உரிமை இல்லாததால் இந்தக் கடிதம் முழுவதும் கடிகாரத்தைத்தான் திட்டப் போகிறேன். சில இடங்களில் கடிகாரத்துக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனால் மன்னிக்கவும்.

சூசையப்பர் தேருக்கு இந்த வருடம் நான் ஒரு புதுப் பாட்டு கட்டியது உங்களுக்குத் தெரியும். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் கம்பம் ஏறியவன் நான். ஆர்மோனியம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஸ்வரக் குறிப்பு எழுதவும் நானாகத்தான் கற்றேன். கம்பத்திலிருந்து விழுந்த பிறகு வலது கை நடுங்குவதால், நான் கையால் எழுதும் குறிப்பு தாளில் ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும். கீபோர்டு வாசிக்கக் காரைக்குடியிலிருந்து வரும் பாண்டியராஜன் அச்சடித்த தாள் இருந்தால்தான் விரலை வைப்பார். ஆகவே ஆஷ்லின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை ஏற்றி, "இதுல எழுதுங்கப்பா, அழகா அச்சு வரும்" என்றாள். அது நீங்கள் வேலை செய்யும் கம்பெனியின் சரக்கு என்று அந்தக் கள்ளி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே அழித்திருப்பேன், அது அவளுக்கும் தெரியும்.

பிப்ரவரியில் எழுத உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் ஒரு மாதம். முப்பத்திரண்டு தாளக் கட்டம். முதல் பதினாறு கட்டத்தில் தேர் கோயிலை விட்டுக் கிளம்பி ஊரைச் சுற்றும், அடுத்த பதினாறில் திரும்பி வந்து நிலைசேரும். எழுதி முடித்து அச்சுப் பொத்தானை அழுத்தினால், முப்பது நாள் இலவசம் முடிந்துவிட்டதாம். தாளின் குறுக்கே மூலைக்கு மூலை "விலை கொடுத்து வாங்காத பிரதி" என்று கறுப்புப் பட்டை. அதைப் பாடகர் குழுவுக்குக் கொடுத்தேன். ஆரோக்கிய ஷீலா இருபது வருடமாக இரண்டாம் குரல் பாடுகிறவள், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அண்ணே, இதென்ன களவுப் பாட்டா?" என்று கேட்டாள். அடுத்தவன் வீட்டுக் கரண்டு ஒரு பல்புக்குக்கூட எடுக்காதவனைப் பார்த்துக் கேட்டாள்.

வாங்கிவிடுவதென்று முடிவு செய்தேன். ஆனால் அது தவக்காலம். முப்பத்தெட்டு வருடமாகத் தவக்காலத்தில் எனக்கென்று ஒரு பொருளும் நான் வாங்குவதில்லை. அதுதான் என் ஒறுத்தல். சிலர் கறியை விடுவார்கள், சிலர் சுருட்டை விடுவார்கள், நான் வாங்குவதை விடுவேன். ஒரு வருடம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்றே செருப்பு அறுந்து, நாற்பது நாளும் ஊக்கு குத்திய செருப்போடு கம்பம் ஏறினேன். யூஜினியா, "நான் வாங்கித் தாரேன், அது ஒங்க கணக்குல வராது" என்றாள். ஆண்டவரை ஏய்க்க வக்கீல் வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை, விலை மட்டும் விசாரித்து வைப்போம் என்று போனில் அந்த மென்பொருளின் விற்பனைப் பக்கத்தைத் திறந்தேன். திறந்த உடனே ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது. "நிறுவனர் சிறப்புப் பதிப்பு, பாதி விலை, இன்னும் 7 மட்டுமே, 72 மணி நேரத்தில் முடிகிறது." அப்போது மதியம் மணி மூன்று. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று. ஆண்டவர் உயிர்விட்ட நேரம்.

பெரிய வெள்ளியன்று நம் கோயிலில் மணிகூட அடிப்பதில்லை, மரப்பலகையைத்தான் தட்டுவோம். அன்று மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோயில் நிறைய ஜனம், ஒரு பிள்ளைகூட அழவில்லை. அந்த நேரத்தில் என் சட்டைப் பையிலிருந்த போன் எக்காளம் ஊதியது. உங்கள் கம்பெனியின் எக்காளம். "கடைசி வாய்ப்பு!" அதை அமுக்கப் போனவன்தான், மாப்பிள்ளை. ஆண்டவர் சாட்சி. அமுக்க வெளியே வந்து, சைக்கிள் நிறுத்துகிற வேப்பமரத்தடியில் நின்று பார்த்தால், நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. பதினொன்று. பத்து. உயர் அழுத்தக் கம்பியில் கை வைக்கும்போதுகூட எனக்கு வியர்த்ததில்லை, அன்று வியர்த்தது. இன்னும் ஏழே ஏழு, இப்போது விட்டால் தேர்ப்பாட்டு களவுப் பாட்டாகவே போய்விடும் என்று தோன்றியது. அழுத்தினேன். நான் மனிதன்தானா என்று நிரூபிக்க, ஒன்பது படத்தில் போக்குவரத்து விளக்கு உள்ளதைக் காட்டு என்றது. மானகிரியில் ஏது போக்குவரத்து விளக்கு? அதையும் காட்டினேன். இரகசிய எண் வந்தது, நடுங்கும் விரலால் போட்டேன், தப்பு என்றது, மறுபடி போட்டேன். பணம் போனதும் மரப்பலகை தட்டியதும் ஒன்றாக நடந்தன.

உள்ளே நுழைந்தபோது எங்கள் பங்குச் சாமி மரிய ஜெரால்டு பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடந்தார். ஊரே முழங்காலில். என் செருப்புச் சத்தம் மட்டும். ஷீலா தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "ஆண்டவரு செத்துக் கெடக்காரு, நீங்க எங்குட்டுண்ணே போனீக?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அச்சுப் போட்டேன். பட்டை போய்விட்டது. பதினாறாவது கட்டத்தோடு பாட்டும் நின்றுவிட்டது. சிறப்புப் பதிப்பில் பதினாறு கட்டம் வரைதான் அச்சு வருமாம், மீதிக்கு முழுப் பதிப்பு வாங்க வேண்டுமாம், அதை மாதாமாதம் வாங்க வேண்டுமாம். முப்பத்தெட்டு வருட விரதத்தை உடைத்து நான் வாங்கியது, கிளம்பிப் போய்த் திரும்பி வராத ஒரு தேரை. ஒத்திகையில் பாண்டியராஜன் பதினாறாவது கட்டத்தில் கையை எடுத்துவிட்டார். தாளில் இருப்பதைத்தான் வாசிப்பாராம். ஷீலா விடுவாளா? "அண்ணே, சூசையப்பரை டீக்கடை முக்குல நிறுத்திட்டு நாம வீட்டுக்குப் போயிருவமா?"

பெரிய வெள்ளிக்கு மறுநாளே பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாங்குனதாவது வேலை செய்யுதாண்ணே?" என்றார். பாதிதான் சாமி என்றேன். "அப்பப் பாதிப் பாவந்தான்" என்று சொல்லி, உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி வரும் பாஸ்கா காலத்தில் மூன்று வாரம் யாரிடமும் கோபப்படக் கூடாது என்று பரிகாரம் விதித்தார். கோபம் இத்தனை நாள் உள்ளேயே கிடந்ததற்கு அதுதான் காரணம். மூன்று வாரம் முடிந்துவிட்டது.

அந்த மூன்று வாரமும் நான் சும்மா இருக்கவில்லை. மீட்டர் கணக்கு எடுப்பது போல் தினம் காலை எட்டு மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து நோட்டில் குறித்தேன். உயிர்ப்பு ஞாயிறன்று சலுகையும் உயிர்த்துவிட்டது, நான் கொடுத்ததைவிடக் குறைந்த விலையில். இன்னும் 7 மட்டுமே. திங்கள் 7. செவ்வாய் 7. அடுத்த புதன்கிழமை 8. விற்க விற்க ஏறுகிற சரக்கை நான் அப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். முறையிட எழுதினால் மாயா என்ற பெண் சிரிக்கிற பொம்மை போட்டு, "உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது" என்று பதில் எழுதினாள். ஐந்து கடிதத்துக்கும் அதே பதில், அதே பொம்மை.

முந்தாநாள்தான் ஆஷ்லின் குடும்பக் குழுவில் அந்தப் படத்தைப் போட்டாள். நீங்கள் கேக் வெட்டுகிறீர்கள். கேக்கின் மேல் கடிகாரம். படத்தோடு அவள் எழுதியது: "கடைசி நிமிடக் கடிகாரம் செய்ததற்காக அவருக்கு இந்த வருடத்துச் சிறந்த ஊழியர் விருது." கடிகாரத்துக்குக் கீழே கிரீமில், நான் பணம் கொடுத்த அதே கம்பெனியின் பெயர். போன் போட்டேன். அவள் சிரிக்கிறாள். "அப்பா, அது சும்மா ஓடுறதுப்பா. யாரு எப்பத் தெறந்தாலும் அவுகளுக்குன்னு புதுசா எழுபத்திரண்டு மணி நேரம் ஓடும். ஏழுங்கிறதும் சும்மாதான்." அப்படியென்றால், மாப்பிள்ளை, செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குத் திறந்து, வெள்ளி மூன்று மணியைக் குறித்தது நானே என்றாகிறது. இதை நான் எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது?

நான் கரண்டு விற்ற இடத்தில் வேலை பார்த்தவன். இன்னும் ஏழு யூனிட்தான் இருக்கிறது, ஓடி வா என்று எந்த வீட்டு வாசலிலும் நின்று நான் சொன்னதில்லை. மூன்று மணிக்குக் கரண்டை நிறுத்துகிறோம் என்று சொன்னால் மூன்று மணிக்கு நிறுத்துவோம். ஏன் தெரியுமா? அந்தச் சொல்லை நம்பி ஒருவன் கம்பத்தில் ஏறியிருப்பான். நிறுத்துவதாகச் சொல்லி நிறுத்தாமல் விட்டால் மேலே இருப்பவன் கருகிப்போவான். நேரம் என்றால் எனக்கு அதுதான். அதை வைத்துக்கொண்டு நீங்கள் "சும்மா" விளையாடுகிறீர்கள், அதற்குக் கேக். ஜோசப் என்று சூசையப்பர் பெயரை வைத்திருக்கிறீர்களே, அவர் தச்சர். இரண்டு காலோடு நாற்காலியை விற்று, மீதி இரண்டு கால் முழுப் பதிப்பில் என்று அவர் ஒருவரிடமாவது சொல்லியிருப்பாரா?

பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். அதை நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் கொடியேற்றம், அதற்குள் நடக்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். உங்கள் மேலதிகாரி, ஏழு என்று எழுதினால் ஏழை விற்று, எட்டாவது ஆளிடம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தால் நிற்க வேண்டும், அதை நிற்க வைக்க வேண்டியது நீங்கள். என்னுடைய பின்பாதிப் பதினாறு கட்டத்தையும் நீங்கள் திறந்துவிட வேண்டும். இனாமாக வேண்டாம், நான் ஒருமுறை விலை கொடுத்தாயிற்று. அது முடியாதென்றால், தேரன்று நேரில் வந்து, சூசையப்பர் ஏன் டீக்கடை முக்கில் நிற்கிறார் என்று ஷீலாவுக்கு விளக்க வேண்டியதும் நீங்களே. ஆஷ்லின் அந்தக் கேக் படத்தைக் குழுவிலிருந்து எடுக்க வேண்டும். மாயா யாராக இருந்தாலும் சிரிப்பை நிறுத்த வேண்டும். நான் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உடைத்த தவக்காலத்தை முதல் நாளிலிருந்து மறுபடி இருப்பது. திங்கட்கிழமை தொடங்கிவிட்டேன். ஊரெல்லாம் பாஸ்கா காலம், எனக்கு மட்டும் சாம்பல்.

நேரில் இருந்தால் உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை வரைந்திருப்பேன். கோபத்தில் இருந்தாலும் அதில் குறை வைக்க மாட்டேன், இங்கிருந்தே வரைந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
மரிய அந்தோணி

பி.கு.: இந்தக் கடிதத்துக்கு ஒட்ட ஸ்டாம்பு தேடி இழுப்பறையைத் திறந்த உங்கள் அத்தை, என்னைக் கேட்காமல் உங்கள் கிறிஸ்துமஸ் கவரைப் பிரித்துவிட்டாள். உள்ளே பணம் இல்லை. ஒரு அட்டை. "மாமாவின் தேர்ப்பாட்டுக்கு, முழுப் பதிப்பு, ஆயுள் முழுவதும்" என்று உங்கள் கையெழுத்தில் எழுதி, கீழே இருபத்தைந்து எழுத்து எண். நாலு மாதமாக என் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது. உங்கள் அத்தை கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மாப்பிள்ளையிடம் வாங்குவதில்லை என்ற முறையில் மாற்றமில்லை. இதைச் சூசையப்பர் வாங்கிக்கொள்கிறார், நான் எழுத்துக் கூட்டித் தட்டிவிடுகிறேன், அவ்வளவுதான். மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். படமும் குழுவிலேயே இருக்கட்டும். அட்டையின் அடியில் பொடி எழுத்தில், ஏப்ரல் 30 மாலை 6 மணிக்குள் பதிவு செய்யாவிட்டால் எண் செல்லாது என்று போட்டிருக்கிறது. இப்போது மணி ஐந்து ஐம்பத்திரண்டு. எழுத்து இருபத்தைந்து, எனக்கு விரல் ஒன்று. மாப்பிள்ளை, உங்கள் கடிகாரம் பொய் சொல்லுகிற கடிகாரம்தானே? இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அது திருந்திவிடாமல் இருக்கட்டும்.