மூன்றாம் முன்னுரிமையும் டயர் கடை மாடி அறையும்

டுலூத்,
தவக்காலம், நான்காம் வியாழன், பிற்பகல்

மதிப்புக்குரிய ஸ்டான்கோ மாமாவுக்கு,

அக்கா மகள் டெரேசா எழுதுவது. இங்கே ஏரி இன்னும் உருகவில்லை. நானும் அப்படியே. ஹிப்பிங்கில் உங்கள் முழங்கால், கடை, நாய் மூன்றும் சௌக்கியம் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

கடை மாடி அறையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். எனக்கு வேண்டியிருக்கலாம்.

தரச் சான்றுக் குழு ஏப்ரலில் வருகிறது. அதற்குள் எங்கள் வணிகப் பள்ளி தன் நோக்கத்தையும் மூன்று முன்னுரிமைகளையும் எழுதித் தர வேண்டும். 'முழு மனிதரை உருவாக்குவது' என்ற வரிக்கு ஆட்சேபமே இல்லை. முழு மனிதரை யாரும் பார்த்ததில்லை. முன்னுரிமைகளில் இரண்டு முடிந்தன. மூன்றாவது இடத்தில் நான் நடத்தும் வணிக அறப் பாடமா, இல்லையா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் பாடம் போகும், மே மாதத்தோடு நானும் போவேன், அங்கே சரக்குக் கிடங்கு ஆய்வுக்கூடம் ஒன்று வரும். அதைக் கேட்பவர் லைல் ஹால்வர்சன். சரக்கு நிர்வாகம் நடத்துகிறார். லூத்தரன், நம்மைப் போலக் கத்தோலிக்கர் அல்ல. நான்கு வருடமாக என்னைப் பார்த்தால் ஒரே கேள்வி: "என்ன டெரேசா, இன்னிக்கு யாரையாவது நல்லவனாக்கியாச்சா?"

வேறு இடமென்றால் கை தூக்கி முடித்திருப்பார்கள். இது இயேசு சபைத் துறவிகளின் பல்கலைக்கழகம். சபையைத் தொடங்கிய முதல் பத்துப் பேர் முடிவெடுத்தது போலவே நாமும் எடுப்போம் என்றார் எங்கள் டீன், ஃபாதர் கீகன். முதல் நாள் முடிவெடுக்கும் ஏழு பேரும், மனதில் என்ன இருந்தாலும், எதிரான காரணங்களை மட்டும் சொல்ல வேண்டும். மறுநாள் ஏழு பேரும் ஆதரவானவற்றை மட்டும். ஒருவருக்கு ஒருவர் பதில் பேசக் கூடாது. இடையில் மௌனம்.

"நானுமா ஃபாதர்?"

"நீதாம்மா முக்கியமா."

செவ்வாய்க்கிழமை எல்லோரும் மென்மையாகத்தான் பேசினார்கள், பாடவேளை போதவில்லை, புத்தகம் கனம் என்று, நானும் அப்படியே ஏதாவது முனகிவிட்டு உட்கார்ந்திருக்கலாம், ஆனால் அறம் நடத்துகிறவள் மூன்று நிமிடமாவது உண்மை பேச வேண்டாமா என்று தோன்றித் தொலைத்தது, தொடங்கிவிட்டேன். போன வருஷம் நேர்மையைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு நான் முதல் பரிசு கொடுத்தேன், அந்தக் கட்டுரை வேறொரு கல்லூரிப் பையன் எழுதியது என்று பிறகு தெரிந்தது, தேர்வுத்தாளில் எல்லோரும் உத்தமர்கள், வெளியே போய் என்ன ஆகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது, இப்படிச் சொல்லிக்கொண்டே போறேன் மாமா, நிறுத்தத் தெரியல. ஆறு தலைகள் ஒன்றாக ஆடின. மறுக்க யாருக்கும் அனுமதி இல்லை. எனக்கும்.

நேற்று ஆதரவு நாள். லைல் எழுந்தார். கையில் குறிப்பு இல்லை.

"நம்ம பழைய மாணவன் கோரி டன்லப் தெரியும்ல, பக்கத்து ஊரு சுப்பீரியர்ல ஒரு கிடங்குல சேர்த்துவிட்டேன். தீப்பிடிச்சா வெளியேறுற கதவெல்லாம் பார்த்தாச்சுன்னு கையெழுத்துப் போடுடான்னிருக்கான் மேஸ்திரி. இவன் பார்க்கல. போடல. வேலை போச்சு. 'ஏன்டா மடையா, ஒரு கையெழுத்துதானே'ன்னு நான் கத்துனேன். 'டெரேசா மேடம் கேட்டுக்கிட்டே இருப்பாங்க சார், கதவுக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கிறாங்கன்னு. அது ஞாபகம் வந்துருச்சு'ங்கறான்." நாற்காலியைப் பின்னால் இழுத்தார். "அன்னிலேருந்து நான் தூங்கல. அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது என் முறை. லைல் சொன்னதையே என் கணக்கிலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

நாளை ரகசிய வாக்கெடுப்பு. தவக்கால வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் பிறகு. என் கணக்குப்படி மூன்றுக்கு மூன்று. ஏழாவது சீட்டு என்னுடையது. எந்தப் பக்கமும் சாயாத மனதோடு எழுதுங்கள் என்கிறார் ஃபாதர். 'வேண்டும்' என்று எழுதினால், எழுதுவது கோரிக்காகவா, என் சம்பளத்துக்காகவா? கதவுக்கு அந்தப் பக்கம் நான்தான் நிற்கிறேன். போன கிறிஸ்துமஸில் நீங்கள் கேட்டீர்களே, "நல்லவனா இருக்கறதுக்கு ஒரு வகுப்பா?" என்று. சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்கு என் ஜெபம். அறையின் சாவி பழைய ஆணியில்தான் தொங்குகிறதா என்று எழுதவும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய
டெரேசா வுகோவிச்

பின்குறிப்பு: வெள்ளி மாலை. தபாலில் போடாதது நல்லதாயிற்று. 'வேண்டாம்' என்றுதான் எழுதினேன். முடிவு: ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஒன்று. லைல் மேசையைத் தட்டினார்: "யாருப்பா அந்த மனசாட்சி இல்லாத ஆளு?" எல்லோரோடும் சேர்ந்து நானும் சுற்றிப் பார்த்தேன். அறப் பாடம் மூன்றாம் முன்னுரிமை. எனக்கு இன்னும் மூன்று வருடம் வேலை. ஆனால் என் செவ்வாய்க்கிழமைப் பேச்சை மறக்காத ஃபாதர் சொல்லிவிட்டார்: "அந்தப் பாடத்த நம்புறவரு நடத்தட்டும். சந்தேகப்படறவ ஒரு வருஷம் வெளிய நின்னு பார்க்கட்டும்." ஆகவே செப்டம்பர் முதல் அறத்தை லைல் நடத்துகிறார், சரக்கு நிர்வாகத்தை நான். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், அறையைத் தவிர. குளிர்கால டயர் எத்தனை வாங்கி வைப்பது என்று உங்களுக்கு எப்படி மாமா தெரிகிறது? ஜூன் முதல் தேதி நோட்டுப் புத்தகத்தோடு வருகிறேன்.