கலர் மாஸ்டர் எடுத்த பல்பு

மச்சினன் காரை இரவல் வாங்கினால் வாங்கியபடியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். டெய்லர் கலர் மாஸ்டர் அதில் கறார். ஆனால் விடியற்காலையில் மனைவியை அவளுடைய அக்கா வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஸ்பீடு மீட்டருக்குள் இருந்த விளக்கு இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. மற்ற மீட்டர்களிலும் கடிகாரத்திலும் இருந்த நான்கு பச்சை விளக்குகளும் எரிந்தன. நடுவில் இது மட்டும் விழுந்த பல் மாதிரி இருட்டாக இருந்தது.

வேறு நாளாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மச்சினன் வந்து காரை எடுத்துப் போய், தன் டிராவல்ஸ் முதலாளியம்மாவை அதே காரில் மாஸ்டரின் டெய்லர் கடைக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. எண்பது டிரைவர்களுக்கு யூனிஃபார்ம். மாஸ்டர் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. எங்க மாமா துணியைப் பார்த்த மாத்திரத்தில் அதே நிறத்தில் நூல் எடுத்துவிடுவார், அந்தக் கண் யாருக்கும் வராது என்று மச்சினன் முதலாளியம்மாவிடம் அளந்துவிட்டிருந்தான். அப்பேர்ப்பட்ட கண்ணுக்காரர் கையில் கொடுத்த காரில் ஒரு விளக்கு எரியாமல் போனாலோ, மாற்றியது நிறம் மாறி எரிந்தாலோ மானம் போய்விடாதா?

கண் விஷயத்தில் மாஸ்டருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கடையில் அதற்கு ஒரு முறையே இருந்தது. வந்த துணியை வாங்கிக்கொண்டு மனைவி அலமாரிக்குப் போவாள். மூன்று நூல்கண்டுகளை எடுத்து வந்து மெஷின் பலகையில் வைப்பாள். மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துணியைப் பார்த்து, நூலைப் பார்த்து, மூச்சை அடக்கி, மூன்றில் ஒன்றை எடுப்பார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தரம்கூடத் தப்பியதில்லை.

“நூலை எடுத்து வைக்கிறதுக்குக் கை இருந்தாப் போதும். எது சரின்னு சொல்றதுக்குத்தான் கண்ணு வேணும்” என்பார். மனைவி பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள்.

அன்று காலையில்கூட அவள் இல்லாமல், தானே நூல் எடுத்து வாத்தியார் ஒருவரின் பேண்ட்டுக்கு அடி மடித்துக் கொடுத்திருந்தார். வாத்தியார் பேண்ட்டைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், வாயைத் திறந்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பாராட்ட வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

பல்பு வாங்கப் போனபோது கார் உதிரிபாகக் கடைக்காரர், ஒரே மாதிரிப் பச்சை பல்பு ஐந்து அடைத்த பாக்கெட்டை நீட்டினார்.

“பாக்கெட்டெல்லாம் கண்ணு இல்லாதவங்களுக்கு. அந்தத் தட்டை இப்படித் தள்ளுங்க” என்றார் மாஸ்டர்.

தட்டில் பல நிறத்தில் உதிரி பல்புகள் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றாக பேட்டரியில் தொட்டு எரியவைத்துப் பார்த்து, ஒன்றை எடுத்தார்.

“இதுவா அண்ணே?”

“இதேதான். பச்சைக்குள்ள எத்தனை பச்சை இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.”

பச்சையைப் பற்றி அவ்வளவு தூரம் படிக்காத கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

மீட்டரைக் கழற்றி பல்பு மாட்டும் வேலை, பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர்காரருடையது. சாது மனிதர். மாட்டினார், சுவிட்சைப் போட்டார், கண்ணில் செருகியிருந்த லென்ஸை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். புதுசு மற்றதோடு சேரவில்லையே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். புதுசு ஒரு பொடி தூக்கலாகத்தான் தெரிந்தது. அதற்குக் காரணமும் உடனே பிடிபட்டது. வெளுத்த சட்டையில் புதுத் துணி ஒட்டுப் போட்டால் எடுப்பாகத்தானே தெரியும்? குறை புதுசில் இல்லை, பழசில். பழைய பல்பு நான்கையும் பிடுங்கிச் சாக்கடையில் வீசினார். ரிப்பேர்காரர் தடுக்கக் கையை நீட்டுவதற்குள் அவை போய்ச் சேர்ந்துவிட்டன.

மறுபடியும் உதிரிபாகக் கடை. இந்தத் தரம் ஒரு மணி நேரம் நின்று, அச்சு அசலாக ஒன்று போலவே நான்கு பல்பு பொறுக்கினார். கடைக்காரர் நான்கையும் வரிசையாக எரியவிட்டுப் பார்த்து, இது ஏதாவது நாடகக் கம்பெனி வண்டியா என்று விசாரித்தார். மாஸ்டர் அவர்மேல் இரக்கப்பட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஐந்தும் எரிந்தபோது ரிப்பேர்காரர் லென்ஸை இன்னொரு தரம் எடுத்துத் துடைத்தார்.

“மாஸ்டர், பெட்ரோல் மீட்டர் மட்டுமாவது…”

“சரி, உங்க திருப்திக்கு அந்த பல்பையும் ஹீட் மீட்டர் பல்பையும் இடம் மாத்திப் போடுங்க.”

மாற்றிப் போட்டதும் ரிப்பேர்காரர் முகம் இன்னும் மோசமானது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று மாஸ்டர் சிரித்தார். கலர் மாஸ்டரே சரி என்கிறபோது கோளாறு தன் கண்ணில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிய அந்தப் பாவப்பட்ட மனிதர், கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போய்விட்டார்.

ஐந்து மணி வெயிலில் மச்சினன் விளக்கைப் போடாமலே காரை எடுத்துக்கொண்டு போனான். இருட்டுகிற நேரத்தில் கார் தாறுமாறாக வந்து கடை வாசலில் நின்றது. மச்சினன் குதித்து இறங்கி, பானெட்டைத் தூக்கி, உள்ளே ஓடி, மாஸ்டரின் குடிதண்ணீர்க் குடத்தையே எடுத்து வந்தான்.

“என்ன மாப்ள?”

“இன்ஜின் கொதிக்குது மாமா. ஹீட் மீட்டர் செக்கச்செவேல்னு எரியுது.”

“அது புது பல்பு மாப்ள. ஐஞ்சும் பச்சை. நானே பார்த்து எடுத்தேன்.”

மச்சினன் குடத்தோடு நின்று, ஹீட் மீட்டரின் முள் எப்போதும் போல நடுவிலேயே இருப்பதைப் பார்த்தான். பிறகு மற்றதையும் பார்த்தான்.

“மாமா, ஒண்ணு செவப்பு, ரெண்டு மஞ்சள், ஒண்ணு ஆரஞ்சு. கடிகாரம் ஒண்ணுதான் பச்சை.”

“ராத்திரியும் பகலும் வண்டி ஓட்டி உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு” என்றார் மாஸ்டர், உண்மையான கவலையோடு.

பின் சீட்டில் இருந்து முதலாளியம்மா இறங்கினார். மச்சினன் குடத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். இந்தக் கண்ணைத்தான் ஒரு மாதமாகப் புகழ்ந்து தள்ளியிருந்தான். அந்த அம்மா கைப்பையில் இருந்து யூனிஃபார்ம் துணியின் துண்டு ஒன்றை எடுத்தார். பச்சையில் சேர்ப்பதா பழுப்பில் சேர்ப்பதா என்று எவரையும் திணறடிக்கும் நிறம்.

“இதுக்கு நூல் எடுங்க மாஸ்டர். அப்புறம் ஆர்டரைப் பத்திப் பேசுவோம்.”

அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் மனைவி அக்கா வீட்டிலிருந்து பையும் கையுமாக வந்து சேர்ந்தாள். காருக்குள் எட்டிப் பார்த்தாள். தம்பியின் கையில் இருந்த குடத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, முதலாளியம்மாவிடம் கையை நீட்டினாள்.

“குடுங்கம்மா. நூல் எடுத்து வைக்கிறேன். அவர் பார்த்துச் சொல்லுவார்.”

வழக்கம்போல மூன்று நூல்கண்டுகள் பலகைக்கு வந்தன. மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். துணியைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், மூச்சை அடக்கினார். நடுவில் இருந்ததை எடுத்து, நூலை இழுத்துத் துணிமேல் போட்டார்.

நூல் எங்கே போனது என்றே தெரியவில்லை. முதலாளியம்மா விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார். இந்தத் துணியோடு நான்கு கடை ஏறி இறங்கியும் ஒருவராலும் முடியவில்லை, எண்பது செட்டும் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். மச்சினன் அப்போதுதான் குடத்தைக் கீழே வைத்தான்.

மாஸ்டருக்குத் தரையில் கால் பாவவில்லை. பார்த்தியா மாப்ள, இப்பவாவது உன் கண்ணை டாக்டர்கிட்ட காட்டு என்று அவன் முதுகில் தட்டிவிட்டு, அளவு நோட்டை எடுக்க உள்ளே போனார். போகிற அவரையே மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமை அவருடையதைவிட ஒரு குண்டுமணிகூடக் குறைவில்லை.

முதலாளியம்மா பலகையில் மீந்திருந்த இரண்டு கண்டுகளையும் கையில் எடுத்தார். நடுக் கண்டோடு சேர்த்து வைத்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏம்மா, நீங்க எடுத்து வச்ச மூணும் ஒரே கலர்தானே?”