உங்கள் தங்கை உயிரோடிருக்கிறாள்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
புதன்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான சைலஸ் மச்சான் அவர்களுக்கு,

ஜெபதாஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் உயிரோடிருக்கிறேன். மகள் ஷைனா உயிரோடிருக்கிறாள். உங்கள் தங்கை பவளமும் உயிரோடிருக்கிறாள். கடைசி வாக்கியத்தை வீட்டில் எல்லாருக்கும் ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டவும். அங்கே உங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று அடுத்து எழுதுவது வழக்கம். எனக்கு இந்த வாரம் அந்த ஆவல் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் ஜெபக்குழுவிலிருந்து 2019இலேயே என்னை நீக்கிவிட்டதால் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அந்தக் குழுவில் நாற்பது நொடிக் காட்சி ஒன்று வந்ததாம். பிறகு ஷைனா தன் போனில் காட்டினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பவளம் படுத்திருக்கிறாள், மூக்கில் குழாய், பக்கத்தில் ஓர் இளம்பெண் அழுகிறாள், பவளம் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறாள். அது டிவி தொடர், மச்சான். அந்தப் பெண் ஷைனா இல்லை. உங்கள் மருமகளை நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஏழு வயது என்பதால் அது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பின்னணியில் வயலின் வாசிக்கிறார்களே, எந்த ஆஸ்பத்திரியில் வயலின் வாசிக்கிறார்கள் என்று நாகர்கோவிலில் முப்பது வருஷம் ஆசிரியராக இருந்தவருக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டாமா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், 'என் அன்புத் தங்கை அமெரிக்காவில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்' என்று அதன் கீழே எழுதிவிட்டீர்கள். குழுவில் நூற்றுப் பதினெட்டு பேர். ஐந்து நாளாகியும் அதை நீங்கள் அழிக்கவில்லை. நேற்றும் ஒருவர் எனக்கு ஆறுதல் உண்டாகும்படி வேண்டியிருக்கிறார்.

அவள் நடிக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன் அதை அவள் போனில் சொன்னபோது, "நம்ம குடும்பத்துல கூத்தாடுனவங்க யாரும் கெடையாது, பாத்துக்க" என்று பேச்சை மூடினீர்கள். அது ஒரு ஈஸ்டர் தினம். நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை நீங்கள் கேட்காததால் நானே சொல்கிறேன். இந்தப் பதினோரு வருஷத்தில் உங்கள் தங்கை ஒன்பது முறை செத்திருக்கிறாள். நான்கு முறை மகனைப் பறிகொடுத்து அழுதிருக்கிறாள். ஒருமுறை கடையில் கல்லாவில் நின்றாள், கொள்ளைக்காரன் வந்து சுட்டுவிட்டான். அது ஒன்பதில் சேர்த்தி. நடித்தவர் பட்டியலில் அவள் பெயர் 'நோயாளி', 'நோயாளியின் அம்மா', 'சேலை கட்டிய பெண் 2'. சேலை கட்டிய பெண் 1 ஆவதற்கே ஆறு வருஷம் பிடித்தது. காலை ரயிலில் நியூயார்க் போய், நாள் முழுக்க மடக்கு நாற்காலியில் காத்திருந்து, "டாக்டர் இப்போது உங்களைப் பார்ப்பார்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு வருவாள். ஆறு மாதம் கழித்து நாங்கள் குடும்பத்தோடு சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் அந்த வரி இருக்காது. முழங்கை இருக்கும். அந்த முழங்கை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் ஷைனாவுக்குக் காட்டுவேன். வேலை இல்லாத வாரங்களில் மருத்துவக் கல்லூரிக்குப் போவாள். மாணவர்கள் விசாரித்துப் பழகுவதற்கு நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும். வயிற்றுவலியில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இந்தத் தொழில் கொடுப்பது நோயும் துக்கமும்தான். என் மருந்துக் கம்பெனியிலும் வயதானவர்களை அப்படித்தான் நடத்துகிறார்கள், ஆனால் என்னை யாரும் வெட்டி முழங்கையை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த முறை தேர்வுக்கு வந்த வேடம் வேறு. குடும்ப நீதிமன்ற நீதிபதி. எட்டுப் பகுதிகள். ஒன்றிலும் சாவதில்லை. பெயர் பத்மா சிங். கதைப்படி மைலாப்பூரில் பிறந்தவளுக்கு அப்படி யார் பெயர் வைப்பார்கள் என்று கேட்டேன். "பேருன்னு ஒண்ணு வச்சிருக்காங்கள்ல, அதப் பாருங்க" என்றாள்.

இப்போதெல்லாம் யாரும் நேரில் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. வீட்டிலேயே நடித்துப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். கெடு சனிக்கிழமை பகல் பன்னிரண்டு. சுவரில் நீலப் படுக்கை விரிப்பு, அதன் முன்னால் பவளம், ஏணியின் மேல் அவளுடைய போன், போனுக்குப் பின்னால் எதிர் வசனம் வாசிக்க நான். எனக்கு வாய்த்தது, குழந்தையைத் தன்னிடமே விடச் சொல்லி நீதிபதியிடம் மன்றாடும் பத்தொன்பது வயதுப் பெண்.

"கெஞ்சுங்க. ஆடிட் ரிப்போர்ட் வாசிக்க மாதிரி இருக்கு."

"நான் யார்கிட்டயும் கெஞ்சுனது கெடையாது."

"அதான் இன்னும் அதே போஸ்ட்ல இருக்கீங்க."

போன் மணியை நிறுத்தித்தான் வைத்திருந்தோம். ஆனால் ஒரே ஆள் மூன்று நிமிடத்துக்குள் இரண்டாம் தடவை கூப்பிட்டால் அவசரம் என்று அந்தப் போன் தானாகவே முடிவு செய்து மணியடிக்கும். நம் ஆட்கள் ஒரு தடவையோடு விடுகிறவர்களா? செத்தவளுடைய போனுக்கே ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள், உங்கள் சொந்தக்காரர் யாரிடமும் என் எண் இல்லை. பவளம் தீர்ப்பு வாசிக்கத் தொடங்கினாள், மார்த்தாண்டம் பெரியம்மா கூப்பிட்டார். "பெரியம்ம, நான் பவளம்தான் பேசுதேன்" என்றாள். எதிர்முனையில் ஓர் அலறல், ஏதோ பாத்திரம் உருளும் சத்தம். மறுபடி தொடங்கினோம், ஊர் பாஸ்டர் கூப்பிட்டார். "நீயாம்மா? நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டு, "நினைவு ஆராதனைக்கு டைம் சொல்லியாச்சே" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. அடுத்து கலிஃபோர்னியா குபெர்டினோவிலிருந்து உங்கள் சித்தப்பா மகன் சுபின், நான் எடுத்தேன்.

"அத்தான், பாடியை ஊருக்கு அனுப்புற பேப்பர் ஒர்க் எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

"பாடி கோர்ட்ல உக்காந்திருக்கு, அப்புறம் பேசு" என்று வைத்தேன்.

அந்த நேரம் ஷைனா அந்தக் குழுவைத் திறந்த போனோடு ஓடிவந்து, "மாம், தே ஆர் ஆல் க்ரையிங். லைக், ஃபார் ரியல்" என்றாள். பவளம், "அண்ணனுமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நீதிபதியாக உட்கார்ந்தாள். பதினோராவது தடவை எடுத்ததை, பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அனுப்பினோம்.

நேற்று அவளுடைய ஏஜெண்ட் கூப்பிட்டார். வேடம் இல்லை. பவளம் பொறுமையாகக் கேட்டு நன்றி சொன்னாள். போனை வைத்துவிட்டு, சுவரிலிருந்த விரிப்பை அவிழ்த்து நான்காக மடித்தாள். "இனிமே போதும்ங்க. லைப்ரரியில ஆள் எடுக்காங்களாம், அப்ளை பண்ணப் போறேன்" என்றாள். பதினோரு வருஷத்தில் 'போதும்' என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒன்பது சாவையும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தவன் நான், மச்சான். நேற்றுத்தான் பார்க்க முடியாமல் எழுந்து போனேன்.

இதற்குக் காரணம் நீங்கள். இடையில் மணியடிக்காமல் அவளை ஒருமுறை முழுதாகத் தீர்ப்புச் சொல்ல விட்டிருந்தால் இன்றைக்கு அவள் பத்மா சிங். ஆகவே குழுவில் உடனே திருத்தம் போடவும், ஆராதனையை ரத்து செய்யவும், அவளிடம் மன்னிப்புக் கேட்கவும். என்னிடம் கேட்க வேண்டாம், நான் கொடுக்கப் போவதில்லை. இதுவே நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு இரண்டில் எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஜெபதாஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பவளம் இதை வாங்கி வாசித்துவிட்டாள். இரண்டு தப்பு இருக்கிறதாம். ஒன்று, வேடம் போனது உங்களால் இல்லையாம். அனுப்பியது நன்றாகவே இருந்ததாம். முப்பத்தாறு வயது நடிகை ஒருத்தியை எடுத்து, தலையில் நரை பூசி நீதிபதியாக்கப் போகிறார்களாம். அதைச் சொன்னால் அவர்களுக்கும் நான் கடிதம் எழுதுவேன் என்று மறைத்தாளாம். எழுதத்தான் போகிறேன். இரண்டு, அந்தக் காட்சியைக் குழுவில் போட்டது அவளேதானாம். அவள் நடித்ததில் ஒரு நொடிகூட வெட்டாமல் வந்தது அது ஒன்றுதான். அண்ணன் பார்ப்பாரா என்று பார்க்க, ஒரு வார்த்தையும் எழுதாமல் போட்டாளாம். அன்றைக்கு நீங்கள் குழுவில் அழுதுகொண்டே அனுப்பிய மூன்று நிமிடக் குரல் பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறாள். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, இதை அப்படியே எழுதச் சொல்கிறாள்: "அண்ணனுக்கு எந்த எடத்துல அழுக வந்துச்சுன்னு கேளுங்க. அந்தப் பிள்ள கன்னத்தத் தொட்டப்பவா, கண்ண மூடுனப்பவா? கண்ண மூடுறதுல கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்னு எனக்கு இருக்கு. அடுத்த தடவ சரி பண்ணிக்கிடலாம்."

பதிலை எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கே போன் செய்து சொல்லுங்கள்.