தண்ணீரையும் துடைத்தவர்

துடைப்பாளர் என்று ஓர் உயிரினம் இருக்கிறது. காட்டில் தேடாதீர்கள், கிடைக்காது. காட்டில் சருகு விழுந்த இடத்திலேயே கிடக்கும்; அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க இந்த உயிரினத்தால் ஆகாது. வீடுகளில்தான் வசிக்கும். விருந்தாளி தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் கோப்பைக்கு அடியில் துணியைச் செருகும். கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கும். நேராகத் தொங்கும் படத்தைக் கொஞ்சம் கோணலாக்கிவிட்டு மறுபடி நேராக்கும். "நான் இல்லேன்னா இந்த வீடு என்ன ஆகும்?" என்பது இதன் கூவல். என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இதை அதனிடம் சொல்லும் தைரியம்தான் யாருக்கும் இல்லை.

நம்மவர் இந்த இனத்தில் அசல் ரகம். பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். கதவின் மேல்விளிம்பில் வெள்ளைக் கைக்குட்டையை ஓட்டி, அதில் விழுந்த சாம்பல் கோட்டைப் பணிப்பெண்ணின் மூக்குக்கு நேரே நீட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்பது அவருடைய கலை. அவர் ஓய்வு பெற்ற அன்று ஓட்டல் மூச்சு விட்டது. வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அந்த வீட்டில் அவருடைய மகள் ஒரு தொட்டியில் மீன் வளர்த்தாள். ஐந்து ஆரஞ்சு நிற மீன்கள். அவற்றில் பெரியது நாள் முழுக்க ஒவ்வொரு கூழாங்கல்லாக முட்டிப் பார்த்துக்கொண்டே சுற்றும். அதனால் அதற்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர். (அப்பாவுக்குத் தெரியாது.) நான்கு வருடமாகத் தன் அறையைப் பூட்டிப் பூட்டித்தான் அந்தத் தொட்டியை அவள் காப்பாற்றி வந்தாள். இப்போது வேலை விஷயமாகப் பன்னிரண்டு நாள் வெளியூர் போக வேண்டும். சாவியை அம்மாவிடம் நீட்டியபோது நம்மவர் குறுக்கே வந்து நின்றார்.

"ஏன், எங்கிட்ட குடுத்தா ஆகாதா? அவ்வளவுதானா உனக்கு என்மேல நம்பிக்கை?"

முகம் அப்படித் தொங்கிப்போயிருந்தது. பெற்ற மகள், என்ன செய்வாள்?

"சரிப்பா. ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு சிட்டிகை தீனி. வேற எதையும் தொடாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமா தொடமாட்டேம்மா."

சத்தியம் ஒரு நாள் முழுசாக நின்றது.

இரண்டாம் நாள் தீனி போடக் குனிந்தவர் கண்ணாடியில் பச்சைப் பாசியைப் பார்த்தார். பாசியின்மேல் நத்தைகளைப் பார்த்தார். தண்ணீரை வடிகட்டும் பஞ்சு பழுப்பேறிப்போயிருந்ததைப் பார்த்தார். அவ்வளவுதான், முப்பது வருட அனுபவம் உள்ளே எழுந்து நின்றது. மீன்களைக் கிண்ணத்தில் பிடித்துப் போட்டார், பாசியைச் சுரண்டினார், நீர்ச்செடிகளை வேரோடு பிடுங்கினார், நத்தைகளை ஒவ்வொன்றாகக் கைது செய்தார், கூழாங்கற்களைக் கொதிக்கவைத்து எடுத்தார், பழைய பஞ்சை மூக்கைப் பிடித்துக்கொண்டு எறிந்தார், புதுப் பஞ்சு வாங்கிப் போட்டு, வடிகட்டிய குடிநீரைத் தொட்டி நிறைய ஊற்றி, வெளிச்சம் வேண்டுமே என்று தொட்டியையே ஜன்னல் வெயிலுக்கு நகர்த்தினார். பிடுங்கியது, சுரண்டியது, பிடித்த நத்தைகள், பழைய பஞ்சு, பழைய தண்ணீர் எல்லாம் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் கிடந்தன.

"இந்த அசிங்கத்தக் கொண்டுபோய்க் கொட்டு" என்றார் மனைவியிடம்.

"கொட்றேங்க" என்றார் அவர். கல்யாணமான நாள் முதல் இந்தப் பதிலைச் சொல்லித்தான் அந்த அம்மாள் பல பொருள்களின் உயிரைக் காப்பாற்றி வந்திருக்கிறார்.

தொட்டி பளபளத்தது. நம்மவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தார். நான்காம் நாள் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியது. ஐந்தாம் நாள் காலை இரண்டு சின்ன மீன்கள் மல்லாந்து மிதந்தன.

வேறொருவராக இருந்தால் கையை எடுத்திருப்பார். துடைப்பாளருக்கோ காரணம் உடனே தெரிந்துவிடும்: சுத்தம் போதவில்லை! மறுபடி எல்லாவற்றையும் கொட்டினார், மறுபடி கற்களைக் கொதிக்கவைத்தார், புதுப் பஞ்சையும் சோப்புப் போட்டு அலசினார். ஏழாம் நாள் மூன்றாவது மீனும் போயிற்று. சூப்பர்வைசரும் மிச்சமிருந்த ஒன்றும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. மகளிடம் என்ன சொல்வது? நாலு வருடம் வளர்த்ததை நாலு நாளில் முடித்துவிட்டேன் என்றா? நம்மவர் இன்னும் நல்ல பிரஷ் ஒன்று வாங்கிவரக் கடைக்கு ஓடினார்.

திரும்பி வந்தால் தொட்டி காலி.

"மீன் எங்க?"

"உசிரோட இருக்கு. எங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

மிச்ச நாள்களெல்லாம், பெருக்குகிற சாக்கில் அவர் கட்டிலுக்கு அடியிலும் பரண்மேலும் மீன் தேடினார். கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மகள் வந்தாள். காலித் தொட்டியைப் பார்த்தாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா நடந்ததையெல்லாம் சொல்லி அவளைப் பின்பக்க பால்கனிக்குக் கூட்டிப்போய், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் சாத்தியிருந்த பழைய பலகையை விலக்கினார். கொட்டப்படாத அதே டப். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. அடியில் அழுக்குப் பஞ்சு, மேலே செடிகள், சுவரெல்லாம் பாசியும் நத்தையும். நடுவே சூப்பர்வைசர் பாசியை முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, பின்னாலேயே இன்னொன்று.

"இந்தக் குப்பைக்குள்ள எப்படிம்மா பொழச்சுது?" பின்னாலேயே வந்த நம்மவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அது குப்பை இல்லப்பா" என்றாள் மகள். குரல் உயரவே இல்லை, உயர்ந்திருந்தால் தேவலை. "மீன் கழிக்கிறது தண்ணில விஷமாகும். அந்தப் பஞ்சுலயும் கல்லுலயும் கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியிருக்கு. அதுங்கதான் அந்த விஷத்த மாத்திச் செடிக்கு உரமாக்கும். செடி வெளிச்சத்த வாங்கிட்டு மீனுக்கு மூச்சு குடுக்கும். கல்லு, தண்ணி, வெளிச்சம், உசிரு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிவச்சிருந்துது. நீங்க கல்ல வேகவச்சப்பவே பாதி ஊர் காலியாயிடுச்சு."

"நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியும்பா."

அடுத்த மாதம் அவள் மறுபடி வெளியூர் கிளம்பினாள். அவர் எதிரிலேயே, சாவியை அம்மாவின் கையில் வைத்து விரல்களை மூடினாள். அப்பாவிடம் சத்தியம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. மூன்று மீன்கள் போனதைவிட அதுதான் நெஞ்சில் குத்தியது. கையில் துணியோடு வாசலில் நின்றார். துடைக்க ஒன்றும் தோன்றவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். நீங்கள் அந்த இனமே இல்லை, உங்கள் வீட்டில் எல்லாம் நீங்கள் கைவைத்ததால்தான் நன்றாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். நீங்கள் உள்ளே வரும் சத்தம் கேட்டதும் உங்கள் வீட்டார் எதையாவது அவசரமாகப் பலகைக்குப் பின்னால் தள்ளுகிறார்களா என்று பாருங்கள். தள்ளினால், தயவுசெய்து அது என்னவென்று போய்ப் பார்க்காதீர்கள். அங்கேயாவது ஏதோ ஒன்று பிழைத்துக் கிடக்கட்டும்.