ஹியாம் அக்காவுக்கு ஒரு பிளக் பாயிண்ட்

அகபாவில் கடல்காற்று வாங்கிக்கொண்டிருக்கும் என் மூத்த சகோதரி ஹியாம் அவர்களின் சமூகத்துக்கு, ஸல்த் மலைச்சரிவிலிருந்து தம்பி மஷ்ஹூர் பணிவுடன் எழுதுவது.

தங்கள்மீது சாந்தியும் இறைவனின் கருணையும் நிலவட்டும். தங்கள் முழங்காலுக்கு வலு கூடட்டும். தங்கள் மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை குறையாதிருக்கட்டும். இங்கே நானும் என் மனைவி இன்ஷிராஹும் மகள் தமாராவும் இறைவன் அருளால் சுகம். பனி கொட்டுகிறது. மரியாதை இவ்வளவு போதும் அக்கா, இனி நம் பேச்சுக்கு வருகிறேன்.

வீடு தயார். வியாழக்கிழமை நீ பஸ் ஏறலாம்.

பெருநாளன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. குளிர் தாங்காமல் உன் மின்கணப்பைக் கொண்டுவந்து மாட்டினாய். உன்னுடையது மூன்று பின், நம் கூடத்துச் சுவரில் இருந்தது இரண்டு ஓட்டை. அதற்கு ஒரு அடாப்டர், அந்த அடாப்டருக்கு இன்னொரு அடாப்டர் என்று ஒன்றன் தோளில் ஒன்றாக ஏற்றிவிட்டோம். மாட்டிய மறுகணம் வீடே இருண்டது, அடுப்பறையில் இன்ஷிராஹின் மின் அடுப்புக்குள் பாதி வெந்த ஆட்டுக்கால் அப்படியே ஆறிப்போனது. "உங்க அக்காவோட கணப்பு வந்துச்சு, என் அடுப்பு போச்சு" என்று அவள் சொன்னது உண்மைதான். சற்று உரக்கச் சொல்லிவிட்டாள். நீ உன் கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "அப்பா கட்டின வீட்டுல எனக்குன்னு ஒரு பிளக் பாயிண்ட் கூட இல்ல" என்று சொல்லிவிட்டு விருந்தினர் முன்னாலேயே படியிறங்கிப் போனாய். அன்றிலிருந்து நீ இங்கே போன் செய்தால் என்னிடம் மட்டும் பேசுகிறாய், அவள் எடுத்தால் வைத்துவிடுகிறாய். நீ வைத்ததும் அவள் என்னை முறைக்கிறாள். நடுவில் அடி வாங்கும் பம்பரம் நான்.

ஆகவே நான் முடிவு செய்தேன். பாதி ஆயுளை ரயில் நிலையத்தில் சைகை விளக்குப் பார்த்தே கழித்தவன் நான். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு ரயிலைக்கூட நான் மோதவிட்டதில்லை. ஒரு வீட்டின் ஸ்விட்சும் பிளக்கும் எனக்கு எம்மாத்திரம்? மேல்மாடி, கீழ்மாடி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி, மூன்று பின். கீழ்மாடியில் கிழக்குப் பார்த்த அறை உனக்கு. உன் கணப்புக்கு உன் தலைமாட்டிலேயே தனிப் பாயிண்ட்.

இதைச் சொன்னதும் வீட்டில் பாராளுமன்றம் கூடிவிட்டது. இன்ஷிராஹ் எழுந்து, "தமாரா அப்பா, என் மிக்சி, என் அடுப்பு, என் வாஷிங் மெஷின் எல்லாமே ரெண்டு பின்னு. உங்க அக்காவோட ஒத்தைக் கணப்புக்காக என் சமையலறையே மதம் மாறணுமா?" என்றாள். தமாராவோ, அவள் பல் வைத்தியர் அல்லவா, கையுறையைக் கழற்றுவது போல நிதானமாகப் பேச்சை ஆரம்பித்தாள். "அப்பா, பின் எத்தனைங்கறது முக்கியமே இல்ல. ஸ்விட்சுதான் முக்கியம். என் கிளினிக்குல கண்ணாடி ஸ்விட்ச் போட்டிருக்கோம், லேசாத் தொட்டாப் போதும், சத்தமே வராது." சத்தமே வராத ஸ்விட்ச் என்றால் போட்டோமா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "விளக்கு எரியும்ப்பா" என்றாள். படித்த பிள்ளை, எதற்கும் பதில் வைத்திருக்கிறது. சரி, பின் என் இஷ்டம், ஸ்விட்ச் மகள் இஷ்டம், வைக்கும் இடம் மனைவி இஷ்டம் என்று மூன்றாகப் பங்கிட்டேன். இப்படி ஒரு நியாயத்தை நம் குலத்தில் யார் வழங்கியிருக்கிறார்கள், சொல்.

வேலைக்கு வந்தவன் சுக்ரி. பூனை வால் மாதிரி மீசை. வாசலில் கால் வைக்கும்போதே, "மாமா, ஒரு மந்திரி வீட்டுக்கே நான்தான் லைட் போட்டேன்" என்றான். எந்த மந்திரி என்று கேட்டேன். "பேரச் சொல்ல மாட்டேன் மாமா, அவரு சங்கடப்படுவாரு" என்றான். அந்த அடக்கம் எனக்குப் பிடித்துப் போயிற்று.

எந்தெந்த இடத்தில் பாயிண்ட் என்பதை இன்ஷிராஹ் சொல்லச் சொல்ல நான் சாக்கட்டியால் சுவரில் வட்டம் போட்டேன். கட்டில் பக்கம் ஒன்று, மேசை பக்கம் ஒன்று, கதவோரம் ஸ்விட்ச் என்று ஒவ்வோர் அறையாக அளந்து, நின்று பார்த்து, உட்கார்ந்து பார்த்து, உன் அறையில் படுத்தும் பார்த்துக் குறித்தேன். மறுநாள் சுக்ரி உளியோடு வருவதற்குள் இன்ஷிராஹ், "உங்க அக்கா வர்ற வீடு, சுவரெல்லாம் யாரோ கிறுக்கி வச்சிருக்காங்க" என்று காடி நீர் தொட்டு எல்லா வட்டத்தையும் பளிச்சென்று துடைத்துவிட்டாள். வட்டம் வரையச் சொன்னவளும் அவள், துடைத்தவளும் அவள். நான் கேட்டதற்கு, "நான் இடத்தைச் சொன்னேன், அழுக்காக்கச் சொல்லல" என்றாள். சுக்ரி கொஞ்சமும் கலங்கவில்லை. "நேத்துப் பாத்தேன்ல மாமா, எல்லாம் மனசுல இருக்கு" என்று சொல்லி உடைக்க ஆரம்பித்தான். நம் வீட்டு மஞ்சள் கல்லைப் பற்றி உனக்குத் தெரியும். அப்பா அதைக் கோட்டைக்குக் கட்டுவது போலக் கட்டியிருக்கிறார். ஒரு முறை உடைத்தால் உடைத்ததுதான், இடம் மாற்றப் பேச்சே இல்லை. அதனால் அவன் மனசில் இருந்த இடங்களிலேயே பாயிண்டுகள் அமைந்துவிட்டன. உன் தலைமாட்டுப் பாயிண்ட் கதவுக்குப் பின்னால் வந்திருக்கிறது. கதவைச் சாத்தினால் தெரியும், திறந்தால் மறையும். இதை நீ குறையாக நினைக்காதே. கதவைச் சாத்தினால்தானே கணப்பின் சூடு உள்ளே தங்கும்? இப்போது கணப்பு வேண்டும் என்றாலே கதவைச் சாத்தியாக வேண்டும். கூடத்தில் ஒரு பாயிண்ட் கூரைக்குச் சற்றுக் கீழே வந்திருக்கிறது. குழந்தைகள் கைக்கு எட்டாது. என் கைக்கும் எட்டாது என்பது வேறு விஷயம், வீட்டில் ஏணி இருக்கிறது.

மூன்று பின் பாயிண்டுகளை மாட்டியதும் வீட்டில் இருந்த எந்தச் சாமானும் எதிலும் நுழையவில்லை. இதை நான் எதிர்பார்த்தே இருந்தேன். இன்ஷிராஹ் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, கத்தரிக்கோலை எடுத்து எல்லா ஒயரின் முனையையும் நறுக்கி, மூன்று பின் பிளக்கை நானே மாட்ட ஆரம்பித்தேன். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, தமாராவின் முடி உலர்த்தி, ஒன்றையும் விடவில்லை. அப்போதுதான் எதிர்வீட்டு உம்மு சனத் வந்து, "மஷ்ஹூர் அண்ணே, நேத்து இரவல் குடுத்தேனே, என் மிக்சி, திருப்பிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். மேசைமேல் வரிசையாகத் தலையறுந்து கிடந்தவற்றுள் அவளுடையது எது என்று அவளுக்கே தெரியவில்லை. நான் புதுப் பிளக்கோடு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் வீட்டில் இரண்டு ஓட்டை. சற்று நேரத்தில் அவள் புருஷன் அபூ சனத் வந்து வாசலில் நின்று ஒன்றும் பேசாமல் கையை மட்டும் நீட்டினார். ஒரு அடாப்டர் வைத்தேன். போய்விட்டார். அக்கம்பக்கம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

கண்ணாடி ஸ்விட்சுகள் அழகோ அழகு. உள்ளே வந்ததும் ஏதோ அம்மானில் பெரிய ஹோட்டலில் நுழைந்தது போல இருக்கும். விரலால் தொட்டால் போதும். மாவு பிசைந்த விரலாக இருந்தால்தான் போதாது. "விரல்ல மாவு இருந்தா விளக்கு எரியாதாம்! சமையலறையில மாவு இல்லாம வேற என்ன இருக்கும், பல்லா?" என்று இன்ஷிராஹ் மகளைப் பார்த்துக் கேட்டாள். ஈரக் கையென்றால் அதற்கு வேறு குணம். எரியும், அணையும், மறுபடி எரியும். இப்போது அவள் முழங்கையால் போடப் பழகிவிட்டாள். நடன அசைவு மாதிரி பார்க்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதை நான் சொன்னபோது அவள் ரசிக்கவில்லை.

மாடிப்படிக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என இரட்டை ஸ்விட்ச். மேலே நின்று போட்டதைக் கீழே நின்று அணைக்கலாம். இதைவிட ஒரு குடும்பத்துக்கு என்ன வசதி வேண்டும்? முதல் நாளே நான் மிச்சம் பிடிக்க மேலிருந்து அணைத்தேன், பாதிப் படியில் இருந்த இன்ஷிராஹ் கத்தினாள், நான் போட்டேன், அதே நேரம் கீழிருந்து தமாரா போட்டாள், அணைந்தது. மூவரும் ஆளுக்கு ஒரு பக்கம் "போடு, போடாதே, நீ விடு" என்று கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டு உம்மு சனத் ஜன்னலைத் திறந்து, "சொத்துப் பிரிக்கறீங்களா?" என்று கேட்டாள். கடைசியில் இன்ஷிராஹ் இருட்டிலேயே படியில் உட்கார்ந்து சிரித்தாள் அக்கா. பெருநாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்துவிட்டு, "உங்க அக்கா இருந்திருந்தா இந்நேரம் ஸ்விட்சையே பிடுங்கிக் கையில குடுத்திருப்பாங்க" என்றாள். உன் பேச்சை அவளாக எடுத்ததும் அன்றுதான். நான் ஸ்விட்சைத் தொடவில்லை. தொட்டால் கெட்டுவிடும்.

எல்லாம் முடிந்ததும் சுக்ரி, "மாமா, ஒரே நேரத்துல எல்லாத்தையும் போட்டுப் பாத்துடுவோம். மந்திரி வீட்டுலயும் அப்படித்தான் பாத்தோம்" என்றான். அன்று நீ விட்டுப்போன கணப்பு, அடுப்பு, வெந்நீர்க் கலன், வாஷிங் மெஷின், எல்லா விளக்கும் போட்டோம். நம் வீடு ஒரு கணம் கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. பிறகு தெருவே அணைந்தது. தெருவே என்றால், ரொட்டிக் கடை வரைக்கும். அபூ சனத் மறுபடி வந்து நின்றார், இந்த முறை கை நீட்டவில்லை, பேசினார். "மஷ்ஹூரு, உன் அக்காவுக்கு ஒரு பிளக் குடுக்கறதுக்கு எங்க எல்லாரோடதையும் பிடுங்கணுமா?" என்றார். நான் பதற்றப்படவில்லை. இத்தனை நாள் நம் வீட்டு ஒயர் அற்பமாக ஒரு அடுப்பை மட்டும் அணைத்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு தெருவையே அணைக்கும் திடம் அதற்கு வந்திருக்கிறது. வேலை சுத்தம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆகவே நீ தயங்காமல் வா. உன் அறையில் புதுத் திரை போட்டிருக்கிறோம். நீ வந்தால் இந்தக் குளிர் காலம் முழுதும் இருக்க வேண்டும், பெருநாள் போல அரை நாளில் ஓடக் கூடாது. இன்ஷிராஹ் தானாக அழைக்க மாட்டாள், அவள் வம்சம் அப்படி. ஆனால் உனக்கென்று ரோஜா நிறக் கம்பளி ஒன்றை வாங்கி, என்னிடம் "இது விருந்தாளிக்கு" என்றாள். நம் வீட்டுக்கு வேறு எந்த விருந்தாளி வந்து தங்கப் போகிறார்?

உன் பிள்ளைகளுக்கும் மருமகனுக்கும் என் சலாம். உன் அண்டைவீட்டாருக்கும் சலாம், அவர்கள் என்னை மறந்திருந்தாலும். இறைவன் உன் வீட்டு விளக்கை என்றும் அணையாமல் வைப்பானாக.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி
மஷ்ஹூர்

பின்குறிப்பு: வியாழக்கிழமை பஸ் ஏறாதே. இன்று காலை மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். கூடத்துப் பாயிண்டைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார், உன் அறைக் கதவை இரண்டு தரம் திறந்து மூடினார், தேநீரைக் குடித்தார், பிறகு மீட்டரைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டு, "இத முழுசாப் பிச்சு எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க ஹாஜி, அதுவரைக்கும் மின்சாரம் கிடையாது" என்று சொல்லிப் போய்விட்டார். இந்தப் பனியில் இங்கே எப்படி இருப்பது என்று நான் யோசிப்பதற்குள் இன்ஷிராஹ் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டாள். எங்கே என்றேன். "அகபாவுக்கு. என் நாத்தனார் வீட்டுக்குப் போக எனக்கு அழைப்பிதழ் வேணுமா? அவங்க நாலு வார்த்தை திட்டட்டும், நான் நாலு வார்த்தை திட்டறேன், வெதுவெதுப்பா உக்காந்துக்கிட்டுத் திட்டிப்போம்" என்றாள். ஆகவே இந்தக் கடிதத்தை இன்றிரவு பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளை மாலை நாங்களே வருகிறோம், கதவைத் திறந்து வை. சென்ற கோடையில் நான் கவனித்தேன், உன் சமையலறை ஸ்விட்ச் குழாய்க்கு மிக அருகில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். என் உளியை இன்ஷிராஹ் பிடுங்கி எங்கோ ஒளித்துவிட்டாள். அதனால் ஒன்றும் குறைவில்லை. சுக்ரி இதுவரை கடலே பார்த்ததில்லையாம், அவனும் எங்களோடு வருகிறான்.